ஏழரை ஆண்டு: சனியின் குற்றமா, சாதனத்தின் குறையா?

ஊரிலே ஒரு பொருள் காணாமற்போனால் முன்பெல்லாம் என்ன செய்வார்கள் என்பது தோழர்களுக்குத் தெரியும். வெற்றிலையை எடுப்பார்கள். அதன்மேல் மையைத் தடவுவார்கள். ஒரு சிறுவனை உட்காரவைத்து, "உற்றுப் பார், என்ன தெரிகிறது?" என்று அதட்டுவார்கள். மிரண்டுபோன சிறுவன் ஏதோ சொல்வான். ஆள் தெரிகிறது என்பான். ஆறு தெரிகிறது என்பான். மை போட்டவன் தட்சணையை மடியில் முடிந்துகொண்டு புறப்படுவான். தொலைந்த பொருள் தொலைந்ததுதான். அத்தோடு தட்சணையும் தொலைந்தது!

மை போடுகிற வழக்கம் மலையேறிவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிட முடியவில்லை. காணாமற்போனவரைக் கட்டம் போட்டுச் சொல்கிறோம், கிரகம் பார்த்துச் சொல்கிறோம் என்பவர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. வெற்றிலை போய்க் கைப்பேசி வந்திருக்கிறது; வித்தை மட்டும் பழையதுதான்.

ஆனால் நாம் இன்று எழுத வந்தது, உண்மையாகவே காணாத ஒன்றைக் கண்டறிந்த கருவியைப் பற்றி. அந்தக் கருவி இருப்பது வெகு தொலைவில் அல்ல. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 1993இல் தோன்றிய நிறுவனம். நாள்தோறும் பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு அதன் வாசலைக் கடந்து வேலைக்குப் போகும் உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. நாம் சொல்கிறோம்.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பிற்று. ஏ.என். 32 வகையைச் சேர்ந்த சரக்கு விமானம். போகவேண்டிய இடம் அந்தமானில் உள்ள போர்ட் பிளேர். உள்ளே 29 பேர். படைவீரர்கள் மட்டுமல்ல, பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சாதாரணச் சிவில் ஊழியர்கள் எட்டுப் பேரும் அதில் இருந்தனர். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களைக் கொண்டவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

ஒன்பது மணியைத் தாண்டிச் சில நிமிடங்கள். விமானம் வங்கக் கடலின் மேலே, சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில், 23,000 அடி உயரத்தில் இருந்தது. அங்கே இடப்புறமாகத் திரும்பி மளமளவென்று உயரம் இழந்ததை ராடார் பதிவு செய்தது. பிறகு ஒன்றுமில்லை. பேச்சில்லை, புள்ளியில்லை, பொறியில்லை.

தேடினார்கள். கப்பல்கள் போயின, விமானங்கள் போயின, நீர்மூழ்கிக் கப்பலும் போயிற்று. பள்ளிக்கரணைக் கழகத்தின் ஆராய்ச்சிக் கப்பலான 'சாகர் நிதி'யும் போயிற்று. கடலின் மேற்பரப்பில் மிதந்த பொருள்களை எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் அந்த விமானத்தினுடையது அல்ல. செப்டம்பர் 15ஆம் நாள், 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது.

'கருதப்படுகிறார்கள்!' அந்தச் சொல்லின் கொடுமையை எண்ணிப் பாருங்கள். இறந்தவன் வீட்டில் அழுகை உண்டு. அழுது ஓய்ந்தால் ஒரு முடிவும் உண்டு. கருதப்படுகிறவன் வீட்டில் அழவும் முடியாது, ஓயவும் முடியாது. கதவு தட்டப்பட்டால் நெஞ்சு துடிக்கும். உடல் கிடைக்காத வீட்டின் துயரம் எப்படிப்பட்டது என்பதைக் குமரிக் கடற்கரைத் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2024 ஜனவரி 12. பாதுகாப்புத் துறை அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக்கரணைக் கழகம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், விமானம் கடைசியாகக் காணப்பட்ட இடத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் தேடிற்று. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், கடற்படுகையில் விமானச் சிதைவுகள் கிடப்பதைப் படம் எடுத்தது. அந்தப் படங்கள் ஏ.என். 32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. ஆகவே இது தாம்பரத்து விமானமாகவே இருக்கக்கூடும் என்றது அறிக்கை.

கணக்குப் பாருங்கள் தோழர்களே! 2016 ஜூலையிலிருந்து 2024 ஜனவரி வரை ஏறத்தாழ ஏழரை ஆண்டு. ஏழரை என்றதும் நமது நாட்டில் சிலருக்குச் சனி நினைவு வரும். எள் விளக்கு ஏற்றக் கிளம்பிவிடுவார்கள். சனி பிடித்ததால் ஏழரை ஆண்டு ஆயிற்றா? இல்லை! சாதனம் இல்லாததால் ஆயிற்று. எப்படி என்று விளக்குகிறோம்.

நிலத்தின்மேல் தொலைவில் இருப்பதைக் காண ஒளி உண்டு. ராடாரின் ரேடியோ அலை உண்டு. கடலுக்குள் இந்த இரண்டும் எடுபடா. கதிரவன் வெளிச்சம் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ரேடியோ அலையைக் கடல்நீர் அதற்கும் முன்பே விழுங்கிவிடும். 3,400 மீட்டர் ஆழம் என்பது முழு இருள். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு காற்றழுத்தம் கூடும் என்ற கணக்கில், அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 340 கிலோ எடை அழுத்தும். ஒரு நகத்தின் மேல் நாலைந்து ஆட்கள் ஏறி நிற்பதைப் போல!

அந்த இருட்டில் துணையாக வருவது ஒலி ஒன்றுதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். கப்பலிலிருந்து ஒலியை விட்டால் அது 3,400 மீட்டர் இறங்கி, தரையில் மோதி, எதிரொலியாகத் திரும்பிவர நாலரை நொடி ஆகும். கிணற்றிலே கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லுகிற கிராமத்துப் பெரியவரின் அறிவுதான் இது. விஞ்ஞானி அதைக் கருவியாக்கினான். அதற்குச் சோனார் என்று பெயர்.

ஆனால் கப்பலிலிருந்து கேட்டால் போதாது. அவ்வளவு உயரத்திலிருந்து கேட்கும்போது குன்றும் பள்ளமும் தெரியும். உடைந்த இறக்கை தெரியாது. பனைமரத்து உச்சியிலிருந்து தரையில் விழுந்த ஊசியைத் தேடுவது போல ஆகும். ஆகவே கருவியே கீழே இறங்கவேண்டும். கயிறில்லை, கம்பியில்லை, உள்ளே ஆளில்லை. கொடுத்த வழியை நினைவில் வைத்துக்கொண்டு, மின்கலத்தின் பலத்தில், கடற்படுகைக்கு அருகில் அது ஏர் உழுவதைப் போல வரிவரியாகச் செல்கிறது.

அதனிடம் மூன்று கண்கள் உண்டு. முதலாவது, பலகற்றைச் சோனார். விசிறி விரித்ததைப் போல ஒரே நேரத்தில் பல திசையில் ஒலியை விட்டு, தரையின் மேடு பள்ளத்தை அளந்து வரைபடம் தருவது. இரண்டாவது, கூட்டுத்துளைச் சோனார். நகர்ந்துகொண்டே பல இடங்களில் கேட்ட எதிரொலிகளையெல்லாம் ஒன்று கூட்டி, தனக்கு மிக நீண்ட காது இருப்பதைப் போலக் கேட்பது. சிறு காதுகளுக்குப் புலப்படாத சிறு பொருளும் இந்த நீண்ட காதுக்குப் புலப்படும். சேற்றிலிருந்து வரும் எதிரொலி மெலிந்து வரும். உலோகத்திலிருந்து வருவது ஓங்கி வரும். பொருளுக்குப் பின்னால் ஒலியின் நிழல் விழும். அந்த நிழலின் நீளத்தை வைத்துப் பொருளின் உயரம் சொல்லலாம். மூன்றாவது, நிழற்படக் கருவி. இங்கே ஏதோ கிடக்கிறது என்று ஒலி சொன்ன பிறகு, அருகே சென்று, சொந்த விளக்கைப் போட்டுப் படம் எடுப்பது.

ஒன்று சொன்னதை மற்றொன்று சரிபார்க்கிறது. மூன்றும் சொன்னதை மனிதன் சரிபார்க்கிறான். அப்போதும் அறிக்கை 'இதுதான்' என்று அடித்துச் சொல்லவில்லை. 'இதுவாக இருக்கக்கூடும்' என்றே சொன்னது. மை போட்டவனுக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மை போட்டவனுக்கு எதிலும் சந்தேகமே இல்லை! விஞ்ஞானி தான் கண்டதையும் சந்தேகித்து, சோதித்து, பிறகு அளந்து பேசுகிறான். பகுத்தறிவு என்பது இந்த அடக்கத்தையும் சேர்த்துத்தான்.

பாராட்டினோம். இனிக் கேட்கிறோம்.

இன்னொரு விமானத்தின் கதையைச் சொல்லுகிறோம். 2015 ஜூன் 8இல் சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், மூவரோடு காணாமற்போயிற்று. அதுவும் வங்கக் கடலிலேதான். ஆனால் அந்த விமானத்தில் ஒரு சிறு கருவி இருந்தது. தண்ணீரில் மூழ்கியதும் தானே 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கும் கருவி. ஜூலை 6ஆம் நாள் 'சிந்துத்வஜ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஒலியைக் கேட்டது. நாலைந்து நாளில், கடலூர்ப் பக்கத்துக் கடலில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தின் பதிவுப் பெட்டியே மேலே வந்தது.

அங்கே ஒரு மாதம். இங்கே ஏழரை ஆண்டு! ஆழம் கூடுதல் என்பது உண்மை. கரையிலிருந்து தூரமும் கூடுதல்தான். ஆனால் பெரிய வேறுபாடு வேறொன்று. தாம்பரத்து விமானத்தில் தண்ணீருக்குள் ஒலிக்கும் அந்தக் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை என்று அப்போதே செய்திகள் வெளிவந்தன. கையடக்கமான, டார்ச் விளக்கு அளவுள்ள ஒரு பொருள்! மின்கலம் தீருமட்டும் ஒரு மாதம், புதிய வகையானால் மூன்று மாதம், "இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று கூவிக்கொண்டே இருக்கும். ஊமையாகப் போன விமானத்தைத் தேடக் கப்பல்களும் விமானங்களும் கடலைச் சல்லடை போட்டு அரித்தன. வாரக்கணக்கில் நடந்த அந்தத் தேடலுக்கு ஆன எண்ணெய்ச் செலவு எவ்வளவு? அந்தச் சிறு கருவியின் விலை எவ்வளவு? டில்லியிலே கணக்கெழுதும் கனவான்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

உலகம் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 2009 ஜூன் 1இல் அட்லாண்டிக் கடலில் பிரெஞ்சு விமானம் ஒன்று விழுந்தது. ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவை 2011 ஏப்ரலில் ஆளில்லாக் கலங்களே கண்டுபிடித்தன. அந்தத் துயரத்திற்குப் பிறகுதான் ஒலிக்கும் கருவியின் ஆயுளை முப்பது நாளிலிருந்து தொண்ணூறு நாளாக்க வேண்டும் என்று உலக விமானத் துறை முடிவு செய்தது. அவர்கள் முப்பது போதாதே என்று கவலைப்பட்டார்கள். நமது விமானத்தில் ஒரு நாளுக்குக்கூடக் குரல் இல்லை!

வந்தபின் தேடுகிற கருவிக்குக் கோடி. வருமுன் காக்கிற கருவிக்குக் கேடு. இதுதான் நாம் கண்டிக்கும் முறை. வானத்தில் மட்டுமா இந்த முறை? தரையிலும் இதுதான். தரைக்குக் கீழேயும் இதுதான்.

தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று தென் சென்னைப் புறநகர் வளர்ந்துகொண்டே போகிறது. மாடிமேல் மாடி ஏறுகிறது. ஆனால் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் எத்தனையோ. அங்கெல்லாம் மலக்குழிதான், கழிவுநீர் லாரிதான். குழியின் மூடியைத் திறந்து, "கொஞ்சம் இறங்கிப் பார்" என்று ஒரு மனிதனைச் சொல்லுகிறார்களே, அந்தக் குழிக்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத பொருள்தான். நச்சு வாயு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு. அதன் வஞ்சகம் என்ன தெரியுமா? கொஞ்சமாக இருக்கும்போது நாறும்; கொல்லுகிற அளவுக்குக் கூடியதும் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நினைக்கிறவன் அடுத்த மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். ஒருவனைக் காக்கப் போய் இருவர், மூவர் மாண்ட செய்தியை ஆண்டுதோறும் ஏடுகளில் படிக்கிறோம்.

மூக்கு அங்கே கருவியாகாது. கருவி வேறு இருக்கிறது. நால்வகை வாயுவை அளந்து, ஆபத்தென்றால் அலறும் சிறு பெட்டி. சட்டைப் பையில் செருகலாம். கயிற்றில் கட்டி முன்னதாக இறக்கிப் பார்க்கலாம். இது நமது கற்பனை அல்ல. 2013இல் வந்த கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டத்தின் விதிகளிலேயே இந்த வாயு அளவி பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதற்கும் மேலே, ஆளே இறங்கத் தேவையில்லாத இயந்திரத்தை இதே சென்னையில், கிண்டி ஐ.ஐ.டி.யில் செய்து காட்டியிருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, கருவி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. குழிக்குள் இறங்குகிறவன் இடுப்பில் மட்டும் கயிறுதான் இருக்கிறது!

இறந்தபின் தருவதற்குத் தொகை உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் கேட்கிறோம்: முப்பது லட்சம் கொடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவதற்கு முன், அந்த வாயு அளவியை வாங்கிக் கொடுக்க ஒப்பந்தக்காரனுக்குக் கை வராதது ஏன்? 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இரும்பைக் காணத் தெரிந்த நாட்டில், பத்தடி ஆழத்தில் காத்திருக்கும் சாவைக் காணத் தெரியாதா? தெரியும். காண மனமில்லை. யார் இறங்குகிறார்கள், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் அந்த மனமின்மைக்குக் காரணம். சாதி என்னும் மை கண்ணிலே தடவப்பட்டிருக்கிறது. எந்தக் கருவியாலும் அதை ஊடுருவ முடியவில்லை.

கடலுக்கு மீண்டும் வருவோம். நீலாங்கரை முதல் கோவளம் வரை குப்பங்களிலிருந்து நாள்தோறும் ஃபைபர் படகுகள் கடலேறுகின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மீனவர்களை வாரிக்கொண்டபோது, கரையில் நின்றவர்களுக்கு எந்தப் படகு எங்கே என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. பிறகு, செயற்கைக்கோள் வழியே கடலில் இருப்பவனுக்குச் செய்தி சொல்லவும் அவனிடமிருந்து அபயக்குரல் பெறவும் கருவி வந்தது. விசைப்படகுகளில் அதைப் பொருத்தும் பணியும் நடந்திருக்கிறது. நல்லது. ஆனால் சின்னப் படகுக்காரன் உயிர் சின்ன உயிரா? கட்டுமரக்காரனின் பேரன் செலுத்தும் ஃபைபர் படகுக்கும் அந்தக் குரல் வேண்டும் என்கிறோம்.

கருவி வேண்டும் என்றால் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பள்ளிக்கரணையின் ஆளில்லாக் கலம் நார்வே நாட்டில் செய்யப்பட்டது. வாங்கியதில் குற்றமில்லை, கற்றுக்கொண்டு செய்யாவிட்டால்தான் குற்றம். நமக்கு அறிவில்லையா, மரபில்லையா? 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற வெள்ளைக்காரத் துரை நாடளக்கும் பெரும்பணிக்கு அடிக்கோடு போட்டது பரங்கிமலைப் பக்கத்தில். நூறடிச் சங்கிலியை வைத்து ஏழரை மைலை அளக்க 57 நாள் ஆயிற்று. எட்டாத மலையையும் எட்ட இருந்தே அளக்கும் வித்தை இந்த மண்ணிலிருந்து தொடங்கிற்று. துரை பெயர் வரலாற்றில் நின்றது. வெயிலில் சங்கிலி சுமந்த நம்மவர் பெயர் நிற்கவில்லை! 1949இல் குரோம்பேட்டையில், தன் சொத்தை விற்று ராஜம் என்ற பெருமகன் எம்.ஐ.டி. என்ற கல்லூரியைத் தொடங்கியபோது, விமானத்தோடும் மோட்டாரோடும் சேர்த்துக் கருவியியலையும் ஒரு படிப்பாக வைத்தார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி அது. தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் 1984 முதல் தொழிற்சாலைகள் நடக்கின்றன. கல்லூரி குரோம்பேட்டையில், ஆராய்ச்சி பள்ளிக்கரணையில், தொழிற்கரம் தாம்பரத்தில்! மூன்றும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கின்றன. இணைக்கத்தான் ஆளில்லை.

இணைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் இறங்கும் கலம் இதே பள்ளிக்கரணைக் கழகத்தின் முயற்சியில் உருவாகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். ஆழ்கடல் திட்டத்துக்கு 2021இல் டில்லி ஒதுக்கிய தொகை 4,077 கோடி ரூபாய். நம் வரிப்பணம், நல்ல வேலைக்குத்தான் போகிறது. ஒரு சிறு குறை மட்டும். கலத்துக்கு 'மத்ஸ்யா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன், 'மீன்' என்று பெயர் வைத்தால் மூழ்காதோ?

நாம் கேட்பது மூன்று. கடலைக் கடக்கும் ஒவ்வொரு படை விமானத்திலும் நீருக்குள் ஒலிக்கும் கருவி இருக்கிறதா என்பதை நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். வாயு அளவி வைத்துப் பார்க்காமல் மூடியைத் திறக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரனின் உரிமம், பிணம் விழும்வரை காத்திராமல் அன்றே பறிக்கப்படட்டும். சின்னப் படகுகளுக்கும் அபயக்குரல் கருவியை அரசே பொருத்தித் தரட்டும். மூன்றும் ஆகாத காரியங்கள் அல்ல. மூன்றுக்கும் கருவி இருக்கிறது. மூன்றுக்கும் வேண்டியது மனம்.

தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. படிப்பகத்திலும் தெருமுனையிலும் இதைப் பேசுங்கள். 29 பேரின் விமானம் கிடைத்த கதையைச் சொல்லுங்கள். வெற்றிலை சொன்னதா, விஞ்ஞானம் சொன்னதா என்று கேளுங்கள். கேட்டபின் ஒரு குழியின் மூடியைக் காட்டுங்கள். உங்கள் பகுதியில் கழிவுநீர் லாரி வந்து நின்றால், இறங்கப் போகிறவனின் தோளைத் தொட்டு நிறுத்தி, "அளவி எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்றால் இறங்க விடாதீர்கள்.

ஆழ்கடலில் கிடப்பவரைத் தேடியது கடமை. குழியோரத்தில் நிற்பவனைக் காப்பது அதைவிட முந்திய கடமை.